வெள்ளிக்குக் காவல் இருக்கும் குப்பை

1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள்ள எங்கே இருக்குன்னு டாக்டர்களுக்குத் தெரியலை. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருஷம் இருந்தது. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் உதவிக்கு வந்தார். உலோகம் பக்கத்தில் வந்தால் காதில் சத்தம் கேட்கும்படி ஒரு மின்காந்தக் கருவி செய்தார். சோதனையில் நன்றாக வேலை செய்த கருவி, ஜனாதிபதியிடம் குழப்பியது. தலைமை மருத்துவர் வலப்பக்கம் மட்டும் தேட விட்டார். குண்டு கிடந்தது இடப்பக்கம். போதாததற்கு ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தன. செப்டம்பர் 19 அன்று அவர் இறந்துபோனார்.

மெட்டல் டிடெக்டர் வரலாற்றின் முதல் பெரிய தோல்வி இது. அன்றைய தொல்லை இன்னும் தீரவில்லை. தேடுகிற உலோகத்துக்குப் பக்கத்திலேயே தேடாத உலோகமும் கிடக்கும்.

இன்று அமெரிக்க ஊர்ப் பூங்காக்களில் பழைய வெள்ளி நாணயம் தேடுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அங்கே 10 சென்ட், 25 சென்ட், 50 சென்ட் நாணயங்கள் 1964 வரை 90 சதவீத வெள்ளி. 10 சென்ட் நாணயத்தின் எடை 2.5 கிராம், அதில் 2.25 கிராம் வெள்ளி. 25 சென்ட்டுக்கு அங்கே குவார்ட்டர் என்று பெயர் (நம்மூர் குவாட்டர் இல்லீங்க). அது 6.25 கிராம். புல்தரையில் உட்கார்ந்து எழுந்தவர் பாக்கெட்டிலிருந்து, ஊஞ்சல் ஆடிய பையன் டவுசரிலிருந்து, பேண்டு வாத்திய மேடை ஓரத்தில், இப்படி ஆயிரக்கணக்கில் விழுந்தவை.

விழுந்தவை மண்ணுக்குள் எப்படிப் போயின? பெரும்பங்கு மண்புழு வேலை. பெல் கருவியோடு அல்லாடிய அதே 1881இல்தான் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தன் கடைசிப் புத்தகத்தை வெளியிட்டார். புழுக்கள் கீழேயிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே கொட்டிக்கொண்டே இருப்பதால், தரையில் கிடக்கும் பொருள் மெல்ல மெல்லப் புதையும் என்று அதில் விளக்கினார். அதனால் பழைய நாணயம் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் கிடக்கும்.

1960களின் தொடக்கத்தில் வெள்ளி விலை ஏறியது, நாணயத் தட்டுப்பாடும் வந்தது. 1965 ஜூலை 23 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 10, 25 சென்ட்களில் வெள்ளி அறவே போனது. நடுவில் செம்பு, இரு முகத்திலும் செம்பு-நிக்கல் கலவை. பழசைப் பதுக்கி வைப்பதில் லாபம் இல்லை என்று ஜான்சன் மக்களுக்குச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? கையில் இரண்டு விதக் காசு இருந்தால் மட்டமானதைச் செலவழித்து நல்லதை வைத்துக்கொள்வதுதானே மனுஷ சுபாவம். சில ஆண்டுகளிலேயே வெள்ளிக் காசு கடைத்தெருவிலிருந்து மறைந்துவிட்டது. அதற்கப்புறம் பூங்காவில் வெள்ளி விழுவதும் கிட்டத்தட்ட நின்றுபோனது.

அதே சில வருஷங்களில் பூங்காவில் வேறொன்று விழ ஆரம்பித்தது. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் ஊரைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் 1959இல் பிக்னிக் போனபோது கேன் திறக்கும் கருவியை மறந்துவிட்டுப் போய், கார் பம்பரில் வைத்துத் திறந்தாராம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் பிடித்து இழுத்தால் மூடித் துண்டோடு பிய்ந்து வரும் அலுமினிய புல்-டேப். 1962இல் பிட்ஸ்பர்க் பீர் கேன்களில் வந்தது, சீக்கிரமே நாடு முழுக்கப் பரவியது. குடிப்பவர்கள் வளையத்தைப் பிய்த்து அப்படியே புல்லில் வீசினார்கள். காலைக் கிழித்ததால் எதிர்ப்பு கிளம்பியது. ஓரிகான் மாநிலம் 1971 சட்டத்தில் அதைத் தடை செய்தது. கேனோடு ஒட்டியே இருக்கும் இன்றைய வளையம் 1975இல் வந்தது.

ஆக, அமெரிக்கப் பூங்கா மண்ணில் வெள்ளி நின்ற இடத்தில் அலுமினியம் தொடங்குகிறது. கீழே வெள்ளி, அதற்கு மேல் குப்பைப் போர்வை.

கருவி என்ன செய்கிறது? சுருளிலிருந்து மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் போகிறது. அங்கே இருக்கும் உலோகத்தில் சிறு மின்னோட்டம் எழுகிறது, அதன் எதிரொலி திரும்பி வருகிறது. எந்த உலோகம், என்ன அளவு என்பதைப் பொறுத்து அந்த எதிரொலி மாறும். இரும்பு கீழே, புல்-டேப் நடுவில், வெள்ளி மேலே என்று திரையில் எண் காட்டும். அப்போ நடு எண்களை ஊமையாக்கிட்டா போச்சேன்னு தோணும். அங்கதான் சிக்கல். வெள்ளிக்குப் பக்கத்தில் ஆணியோ வளையமோ கிடந்தால் இரண்டு எதிரொலியும் கலந்து எண் கெட்டுப்போகும். அந்த எண்ணைத்தான் நாம் ஏற்கெனவே ஊமையாக்கி வைத்திருப்போம்! போதாததற்குப் பல தங்க மோதிரங்களின் எண்ணும் புல்-டேப் எண்ணும் ஒன்றுதான்.

ஐம்பது வருஷமாக எல்லோரும் தேடியும் குப்பை மண்டிய பூங்காவில் இன்னும் வெள்ளி மிச்சம் இருக்கக் காரணம் இதுதான். சுத்தமான புல்வெளியில் எளிதாகக் கிடைத்ததையெல்லாம் முந்தி வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். குப்பைக்கு அடியில் இருப்பதைக் குப்பையே காத்துவந்தது. அங்கே வெள்ளி எடுப்பவர்கள் சின்னச் சுருளைப் போட்டு, மெதுவாக வீசி, சந்தேகமான சத்தத்தையெல்லாம் தோண்டிப் பார்ப்பவர்கள். இருபது வளையம் வெளியே வந்தபிறகுதான் அடியில் இருக்கும் காசு வாய் திறக்கும். எடுத்த குப்பையை வீட்டுக்குக் கொண்டுபோய், குழியைப் புல்லோடு மூட வேண்டும் என்பது இவர்களுக்குள் எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் உண்டு. தேசியப் பூங்காக்களில் கருவியே கூடாது, நகரப் பூங்காக்களில் ஊருக்கு ஊர் விதி வேறு.

இந்த இரண்டு பொருளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1938இல் அமெரிக்காவில் முதன்முதலாக நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலி வந்தபோது அது மணிக்கு 25 சென்ட். அதாவது ஒரு குவார்ட்டர் போனால் ஒரு மணிநேர உழைப்பு போச்சு, 10 சென்ட் போனால் 24 நிமிஷம். அதைத் தொலைத்தவர் திரும்பி வந்து புல்லை விலக்கிவிலக்கித் தேடியிருப்பார். வளையத்தை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஒன்று தொலைந்தது, மற்றொன்று தூக்கி எறிந்தது. கருவிக்கு உலோக வித்தியாசம் மட்டும்தான் தெரியும், இந்த வித்தியாசம் தெரியாது. அது தோண்டுகிறவருக்குத் தெரிந்தால், கையில் வரும் 2.5 கிராம் வெள்ளிக் காசுக்கு விலையைத் தாண்டியும் ஒரு கனம் வந்துவிடும்.