ஜெய்லானி மலைக் குகைகள்

பலாங்கொடையிலிருந்து கல்தொட்டை வீதியில் போனால் கூரகல மலை. நம்மவருக்கு அது தப்தர் ஜெய்லானி. பாறை விளிம்பில் நின்றேன். தெற்கே வலவை கங்கைச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. தனித்திருந்து தவம் செய்ய வேறெங்கே போவது!

அப்படி முன்னமே நினைத்தவர்கள் பௌத்த துறவிகள். குகைகளைச் சங்கத்தாருக்குத் தானமளித்ததைச் சொல்லும் பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவின. அவர்கள் விட்டுப்போன குகைகளுக்குப் பின்னாளில் பக்கீர்மார் வந்தார்கள். 1166இல் பக்தாதில் மறைந்த முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (றஹ்) இங்கே தியானமிருந்தார் என்பது நம்பிக்கை. அதற்குக் கல்லில் சான்று தேடுவது வீண்வேலை என்பேன். ஆனால் 1922இல் எழுந்த பள்ளிவாசலும், ரபீஉல் ஆகிர் கந்தூரிக்கு ஊரூராக வந்து சேர்ந்த சனமும் நம்பிக்கையல்ல, வரலாறு. பலாங்கொடை நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த எம்.எல்.எம். அபூசாலி அதை ஆங்கிலத்தில் நூலாகவே எழுதி வைத்தார்.

2013இல் பள்ளிவாசலைச் சூழ்ந்திருந்த கட்டடங்கள் சில அகற்றப்பட்டன. 2022 வெசாக்கில் புதிய தாதுகோபத்தோடு தலம் பௌத்த புனிதபூமியாகத் திறக்கப்பட்டது. துறவிகள் இருந்த இடமென்பதை யார் மறுத்தார்கள்? எங்கள் வன்னியில் 2021இல் குருந்தூர்மலை அகழ்வு தொடங்கியபோது எழுந்த வழக்கும் இதே வகைதான்: முதலில் வந்தவரை மட்டும் கணக்கில் எடுப்பது. பிராமியை வாசிக்கிறவர்கள் 1922ஐயும் வாசிக்கட்டும். அதற்கும் நூறு வயது கடந்துவிட்டது.