லே நகரும் திபெத்திய மொழியாய்வின் தொடக்கமும்

இமயப் பெருந்தொடருக்கு வடக்கே, சிந்து நதியின் மேற்பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது லே நகரம். 17ஆம் நூற்றாண்டில் லடாக்கை ஆண்ட செங்கே நம்கியால் மன்னன் காலத்தில் எழுந்த ஒன்பது மாடி அரண்மனை இன்றும் அந்நகருக்கு மேலே நிற்கின்றது. ஹெமிஸ், திக்சே முதலிய பௌத்த மடாலயங்கள் அதன் சுற்றுப்புறத்தே உள்ளன. காஷ்மீர், யார்க்கந்து, லாசா ஆகிய இடங்களை நோக்கிய வழிகள் இங்கு கூடியமையால், மாரிக்குளிர் கொடிதாயினும், வணிகர் வருகை இந்நகருக்கு வாழ்வளித்தது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு வந்த ஐரோப்பியர் இருவரின் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. கிழக்கிந்தியக் கம்பனியின் குதிரைப் பண்ணைப் பொறுப்பாளரான வில்லியம் மூர்குறொவ்ற் 1820இல் லேயை அடைந்தார். நல்லினக் குதிரைகளை நாடி யார்க்கந்து வழியாகப் புகாரா செல்வதே அவர் நோக்கம். ஏறக்குறைய இரண்டாண்டுகள் காத்திருந்தும் சீன அதிகாரிகளின் அனுமதி கிட்டவில்லை. ஹங்கேரியரான சோமா த கோறொஸ், தம் இனத்தின் பூர்விகத்தை ஆசியாவிலே தேடி 1822 யூன் மாதம் லேயை வந்தடைந்தார். யார்க்கந்து வழி செலவும் ஆபத்தும் மிக்கதெனக் கண்டு திரும்பினார். திரும்பும் வழியில் மூர்குறொவ்ற்றைச் சந்தித்தமை அவர் வாழ்வைத் திபெத்திய மொழியின்பால் திருப்பியது.

1823 முதல் 1824 வரை சன்ஸ்கார்ப் பகுதியிலுள்ள சங்லாவில், ஒன்பது அடிச் சதுர அறையொன்றில், கடுங்குளிரிலும் கணப்பின்றி, ஆட்டுத்தோலைப் போர்த்தியவாறு சோமா பாடங் கேட்டார். அவருக்குக் கற்பித்தவர் சங்கியே புந்த்சொக் என்னும் லாமா. பின்னர் கானம் என்னும் மலையூரில், 1827 முதல் 1830 வரை நிகழ்ந்த அகராதிப் பணியிலும் அந்த லாமாவுக்குப் பங்குண்டு. திபெத்திய-ஆங்கில அகராதியும் இலக்கணமும் 1834இல் கல்கத்தாவில் வெளிவந்தன. அதே ஆண்டிலேயே டோக்ராப் படை லடாக்கினுட் புகுந்தது; அவ்வரசு தன் சுதந்திரத்தை இழக்கலாயிற்று.

அகராதியின் முகப்பில் லாமாவின் பெயர் மறைக்கப்படவில்லை. ஆயினும் அவர் 'துணைபுரிந்தவர்' என்றே அங்கு சுட்டப்படுகின்றார். சொல்லின் பொருளைச் சொன்னவர் ஆசிரியர். கேட்டு எழுதியவர் மாணவர். நூல் வடிவம் பெற்றபோது இம்முறை தலைகீழாயிற்று. பிற்காலத்தார் சோமாவைத் திபெத்தியவியலின் தந்தை எனப் போற்றினர். லாமாவின் பெயரோ சிறப்பறிஞர் வட்டத்துக்கு வெளியே அரிதாகவே ஒலிக்கின்றது. சோமாவின் தவமொத்த உழைப்பை இது குறைப்பதன்று. அவ்வுழைப்புக்கு நூல்களும் பொருளும் பொறுமையும் ஈந்த மடாலயக் கல்வி மரபு ஒன்று அங்கு ஏலவே செழித்திருந்தது என்பதே கருத்து.

1974இல் லடாக் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. முன்பு வாரக்கணக்கில் நடந்து கடந்த மலைகளை இன்று வருவோர் விமானத்தில் கடக்கின்றனர். வந்தவர் எழுதிய குறிப்புகளே பெரிதும் வரலாறாக எஞ்சுகின்றன. அவற்றைப் பயில்வோர், வந்தவருக்குக் கற்பித்தவர் யார் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வினா எழாதவிடத்து, மலைநாட்டு அறிஞர் பிறர் நூலின் துணைவராகவே நின்றுவிடுவர்.