ஒரு வித்துவான், இரு விழாக்கள்

சங்கீத விழாக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வித்துவான்களின் பெயர்களையே நிரைப்படுத்துவர். கேட்டவர்கள் யாவர், எவ்விடத்து இருந்தனர், எந்நேரத்திற் கேட்டனர் என்று விசாரிப்பார் மிக அரியர். ஒரு கச்சேரி சோபிப்பதும் சோபியாமற் போவதும் வித்துவான் ஒருவரால் மட்டும் ஆவதன்று. அமெரிக்காவில் இரண்டாண்டு இடைவெளியில் நடைபெற்ற இரு விழாக்கள் இதற்குத் தக்க சான்றாகும். இரண்டிலும் சித்தார் வாசித்தவர் பண்டிதர் ரவிசங்கர். இரண்டிலும் தபேலா வாசித்தவர் உஸ்தாத் அல்லா ரக்கா. ஆயினும், ஒன்று நினைவில் நிலைத்தது. மற்றையது அவர் மனத்தை நோகச் செய்தது.

நம்மவர்க்கு ரவிசங்கரை நெடிது அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. 1920 ஆம் ஆண்டு காசியிற் பிறந்து, இளமையில் தமையனார் உதயசங்கரின் நடனக் குழுவோடு ஐரோப்பாவெங்கும் சுற்றி, பின்னர் அந்த ஆடம்பரத்தை உதறிவிட்டு மைஹாரில் அலாவுதீன் கானிடம் குருகுலவாசஞ் செய்தவர். கீரவாணி, சாருகேசி முதலிய நமது கர்நாடக இராகங்களை விரும்பி எடுத்தாண்டவர் என்பதால் நமக்கு இன்னும் அணுக்கமானவர். 1966 இல் பீற்றில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அதுவரை சிறு சபைகள் அமைதியாகக் கேட்டுவந்த சித்தாரை நாடி மேனாட்டு இளைஞர் பெருந்திரளாக வரத் தொடங்கினர். வந்தவர்களிற் பலர் இந்திய இசையையும் போதைப் பழக்கத்தையும் ஒன்றாக முடிந்து வைத்திருந்தனர். அந்த முடிச்சை அவிழ்க்க அவர் மேடைதோறும் முயன்றார்.

முதலாவது விழா 1967 ஆம் ஆண்டு யூன் 16 முதல் 18 வரை கலிபோர்னியாவிலுள்ள மொன்டரே நகரில் நிகழ்ந்தது. ஏனைய கலைஞர் யாவரும் ஊதியமின்றி வந்தனர். ரவிசங்கர் ஒருவருக்கே 3,000 டொலர் கொடுக்கப்பட்டது. முன்னும் பின்னும் வேறொரு குழுவும் இன்றி, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் முழுவதும் அவருக்கே ஒதுக்கப்பட்டது. எமது கருத்தில் அந்த ஒதுக்கீடு பணத்தினும் பெரிய சன்மானம்.

ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அடங்கக்கூடிய திறந்த அரங்கு அது. கேட்போர் ஆசனங்களில் அமர்ந்திருந்தனர். புகைபிடிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். பின்னர் பீம்பலாசி இராகத்தை எடுத்தார். இது பிற்பகலுக்கென்றே வகுக்கப்பட்ட இராகம். நமது ஆபேரியை நினைவூட்டுவது. இராகமும் பொழுதும் ஒன்றையொன்று தழுவி நிற்க, ஆலாபனை மெல்ல மெல்ல விரிந்தது. அடுத்து அல்லா ரக்காவின் தனி வாசிப்பு. முடிவில் ஒரு துன்; அதிலே சித்தாரும் தபேலாவும் ஒன்றையொன்று வினவி, விடையிறுத்து, துரித கதியில் ஓடிக் கலந்தன. மூன்று மணிநேரமளவு நடந்த அக்கச்சேரி முடிந்ததும் சபை எழுந்து நின்று ஆரவாரித்தது. அவ்விழாவைப் படம்பிடித்த பென்னிபேக்கர் தமது திரைப்படத்தை இந்தத் துன்னோடுதான் முடித்தார். இசையறியாத இளைஞர் எனப் பலராலும் பழிக்கப்பட்டவர்கள் கண்ணிமையாது கேட்டுக்கொண்டிருப்பதை இன்றும் அப்படத்திற் காணலாம்.

அன்றிரவு அதே மேடையில் ஜிமி ஹென்றிக்ஸ் தமது கித்தாருக்குத் தீ மூட்டினார். வேறொரு குழுவினர் தம் வாத்தியத்தை அடித்து நொறுக்கினர். ஹென்றிக்ஸின் வித்தையை ரவிசங்கர் மதித்தவரே. எனினும் வாத்தியத்தை எரித்தது தமக்குப் பெருந் துயரம் தந்ததாகப் பின்னாளிற் கூறினார். நவராத்திரியில் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பொட்டிட்டு வணங்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அத்துயரத்தை விளக்க வேண்டுமோ?

இனி இரண்டாவது விழா. 1969 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்தில், பெதெல் என்னும் ஊரில், மக்ஸ் யாஸ்கர் என்பாரின் பாற்பண்ணை நிலத்திலே தொடங்கியது. உட்ஸ்டொக் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவ்வூரோ அங்கிருந்து வெகு தொலைவில் உள்ளது. வேலி அடைத்து முடியுமுன்னரே சனம் திரண்டது; நுழைவுச்சீட்டு என்ற பேச்சே அற்றுப்போயிற்று. நான்கு இலட்சம் மக்கள் கூடினர் என்பது பொதுவான கணிப்பு.

இவ்விழாவின் தொடக்க நாளிலே நம் நாட்டுக்கு உரிமையுள்ள ஒருவரும் அம்மேடையிலிருந்தார் என்பதை நம்மிற் பலர் அறியார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்து, சுவாமி சிவானந்தரின் சீடராகி, திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் ஆச்சிரமம் நடத்திய சுவாமி சச்சிதானந்தரே அவர். 1966 இல் அமெரிக்கா சென்ற அவர், உட்ஸ்டொக் மேடையில் அமர்ந்து, ஒலியே பிரபஞ்சத்தை இயக்குவது, இசை தெய்வ ஒலி என்னும் பொருள்பட ஆசியுரை வழங்கினார். நம் பெரியோரிற் சிலர் கண்டியிலும் திருகோணமலையிலும் கேட்டிருக்கக்கூடிய அதே குரல், அன்று அந்தப் புல்வெளியில் ஒலித்தது.

அன்றிரவு பத்து மணியளவில் ரவிசங்கர் மேடை ஏறினார். மழை தூறிக்கொண்டிருந்தது. சித்தாரின் இயல்பை அறிந்தோர் இதன் கேட்டை உணர்வர். வாசிக்கும் தந்திகள் ஆறேழு. அவற்றின் கீழே, தொடாமலே அதிரும் தந்திகள் பதினொன்றுக்கு மேல். ஈரக்காற்றுப் பட்டால் அத்தனையும் சுருதி பிறழும். தபேலாவின் தோலும் தளரும். புரியா தனாஸ்ரீ இராகத்தை அவர் எடுத்தார். அது அந்திக்குரியது, அந்தி கழிந்து நெடுநேரமாயிற்று. அதன்பின் ஜப்தாளத்தில் தபேலா, இறுதியில் மாஞ்ச் கமாஜ். முப்பத்தைந்து நிமிடமளவில் எல்லாம் முடிந்தது. மொன்டரேயில் ஓர் இராகத்துக்குக் கிடைத்த பொழுது கூட இங்கே முழுக் கச்சேரிக்குங் கிடைக்கவில்லை எனலாம்.

வாசிப்பிற் பழுதில்லை, ஒலிப்பதிவைக் கேட்டவர் அறிவர். ஆனால் வாசித்தவருக்கோ, இருளுக்குள் எங்கோ முடியும் அச்சனத்திரளில் எவர் கேட்கிறார், எவர் கேட்கவில்லை என்றே தெரியவில்லை. சேற்றிற் கிடந்த கூட்டம் தம் நாட்டிலே நீரில் அமிழ்ந்து கிடக்கும் எருமைகளை நினைப்பித்தது என்று அவர் பிற்காலத்திற் சொன்னார். கடுஞ்சொல்தான். மேடையிலிருந்து கண்டவரின் ஏமாற்றம் அது. இத்தகைய விழாக்களிலிருந்து அவர் பின்னர் ஒதுங்கிக்கொண்டார்.

இளைஞருக்குக் காதில்லை என்று நம் முதியோர் அடிக்கடி குறைகூறுவதுண்டு. மொன்டரேயில் இருந்தோரும் இளைஞரே. உட்ஸ்டொக்கில் இருந்தோரும் அவ்வினத்து இளைஞரே. இருக்க இடமும் உரிய பொழுதும் கொடுத்து, கேட்கும் முறையையும் ஒருவர் அன்போடு சொன்னபோது அவர்கள் மூன்று மணிநேரம் கேட்டனர். தலைகளை எண்ணி மகிழும் விழாவிலே அது கைகூடவில்லை. நம் ஊர் விழாக்களில், தலைவர் உரையும் மாலை மரியாதையும் ஒன்றரை மணிநேரத்தை விழுங்கியபின், ஆலாபனையைச் சுருக்குங்கள் என்று வித்துவானுக்குத் துண்டுக் கடிதம் அனுப்புவதை நாமும் கண்டிருக்கிறோம். அக்கடிதத்தை எழுதியவர்கள் இளைஞரல்லர்.

1971 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள், வங்காள தேச அகதிகளுக்கு நிதி திரட்டுவதற்காக, ரவிசங்கரின் வேண்டுகோளின்படி ஹரிசன் நியூயோர்க் நகரிலே இரு கச்சேரிகளை ஒழுங்குசெய்தார். இம்முறை கூரையுள்ள மண்டபம். சரோத்திலே அலி அக்பர் கான், தபேலாவிலே அல்லா ரக்கா. சற்றே சுருதி சேர்த்து நிறுத்தியதும், அதுவே ஒரு பாட்டென்று எண்ணிச் சபையோர் கைதட்டினர். ரவிசங்கர் முறுவலித்தார். சுருதி சேர்த்ததையே இவ்வளவு விரும்பினீர்களாயின் வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என நம்புகிறேன் என்று சொல்லி, சித்தாரைக் கையிலெடுத்தார்.