அக்கி மாத்திரையும் ஒரு சின்ன நோட்டும்

1993 செப்டம்பரில் ஜப்பானில் அக்கிக்கு ஒரு புது மாத்திரை விற்பனைக்கு வந்தது. பெயர் சொரிவுடின். அதை உருவாக்கியது யமாசா என்னும், சோயா சாஸுக்குப் பெயர்போன பழைய நிறுவனம். விற்றது நிப்பான் ஷோஜி. அக்கியை உண்டாக்கும் வைரஸை மிகக் குறைந்த அளவிலேயே அடக்கிவிடும் என்பதால் மருத்துவர்களிடையே அதற்கு நல்ல எதிர்பார்ப்பு இருந்தது. கடைக்கு வந்து நாற்பது நாளுக்குள் 15 பேர் இறந்துபோனார்கள்.

இறந்தவர்கள் எல்லாரும் புற்றுநோயாளிகள். ஆனால் அவர்களைக் கொன்றது புற்றுநோய் அல்ல, அக்கியும் அல்ல. சொரிவுடின் மாத்திரை மட்டும் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். அதோடு 5-ஃப்ளூரோயூராசில் வகைப் புற்றுநோய் மருந்தையும் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான் வினையாயிற்று.

5-ஃப்ளூரோயூராசில் உடம்புக்குள் போனதும் அதன் பெரும்பகுதியைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி சிதைத்து வெளியேற்றிவிடும். இந்தக் கழிவையும் கணக்கில் வைத்துத்தான் மருத்துவர்கள் அளவை முடிவு செய்கிறார்கள். சொரிவுடினோ குடலுக்குள் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்களால் வேறொரு பொருளாக மாறுகிறது. அந்தப் பொருள் மேற்படி நொதியைத் திரும்ப எழவே முடியாதபடி முடக்கிவிடுகிறது. உடம்பு புதிதாக நொதி தயாரிக்கும்வரை புற்றுநோய் மருந்து ரத்தத்தில் தேங்கிக்கொண்டே போகும். அளவு மாறாமல் சாப்பிட்ட அதே மாத்திரை இப்போது பல மடங்கு வேலை செய்யும். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும். குடலின் உட்சுவர் சிதையும்.

இது அபூர்வமான சேர்க்கை என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். சின்ன வயதில் அம்மை போட்டபோது நரம்புக்குள் பதுங்கிய வைரஸ், எதிர்ப்பாற்றல் குறைந்த நேரம் பார்த்து அக்கியாக வெளிவரும். ஆக, அக்கி மருந்து தேவைப்பட்டவர்களில் கணிசமானோர் புற்றுநோய் மருந்து சாப்பிடுகிறவர்களாகவே இருப்பார்கள். ஜப்பானில் அப்போது அந்த மருந்துகள் வாய்வழி மாத்திரைகளாக வெளிநோயாளிகளுக்குத் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. நோயாளி மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விடுவார். அக்கி வந்தால் தோல் மருத்துவரைத் தேடிப் போவார்.

தெரியாமல் நடந்ததும் அல்ல. சொரிவுடினிலிருந்து உண்டாகும் அந்தப் பொருள் 5-ஃப்ளூரோயூராசிலின் சிதைவைத் தடுக்கிறது என்று 1986லேயே விலங்குச் சோதனை முடிவுகள் வெளியாகியிருந்தன. மனிதர்களிடம் சோதித்த காலத்திலேயே 3 பேர் இறந்திருந்த விவரம் பிறகு வெளியே வந்தது. மாத்திரையோடு வந்த விவரத்தாளிலும், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி இருந்தது. தவிர்க்காவிட்டால் உயிர் போகும் என்று மட்டும் அதில் இல்லை.

விவரத்தாளை ஊன்றிப் படித்த மருத்துவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. தன் எதிரே இருப்பவர் வேறு என்ன சாப்பிடுகிறார் என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வது? நோயாளியிடம் கேட்கலாம். ஆனால் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் மறைத்துக் குடும்பத்தாரிடம் மட்டும் சொல்லும் வழக்கம் அந்நாளைய ஜப்பானில் பரவலாக இருந்தது. நோயே இன்னதென்று தெரியாதவரிடம் மருந்தின் பெயரைக் கேட்டு என்ன பயன்? மருந்துக்கடைக்காரராவது கண்டுபிடித்திருக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. மருத்துவரே மருந்தையும் கொடுப்பது அந்நாட்டின் நெடுநாள் பழக்கம். 1974ல் மருந்துச் சீட்டு எழுதுவதற்கான கட்டணத்தை அரசு உயர்த்தி, மருந்து கொடுக்கும் வேலையைக் கடைகளுக்கு மாற்றப் பார்த்தது. ஆனாலும் 1993ல் பெரும்பாலான நோயாளிகள் மருத்துவமனையிலேயே மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளை ஒரே கண் பார்ப்பதற்கு இடமே இல்லை.

செய்தி வெளிவந்ததும் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதோடு இன்னொரு அசிங்கமும் அம்பலமானது. மரணங்கள் பற்றிய அறிவிப்பு பொதுமக்களுக்கு வருமுன்னே, விஷயம் தெரிந்த நிப்பான் ஷோஜி ஊழியர்கள் சிலர் தங்கள் நிறுவனப் பங்குகளை விற்றுவிட்டிருந்தார்கள். மக்களின் கோபம் இரட்டிப்பானது.

இந்த விவகாரத்துக்குப் பிறகு மருந்தாளுநரின் வேலையே மாறத் தொடங்கியது. கொடுக்கும் மருந்தைப் பற்றிய தகவலை நோயாளிக்குச் சொல்வது மருந்தாளுநரின் சட்டக் கடமை என்று 1996ல் திருத்தம் வந்தது. அதே காலத்தில்தான் 'ஒகுசுரி தெச்சோ' என்ற மருந்துக் குறிப்பேடு பரவத் தொடங்கியது. சட்டைப் பையில் அடங்கும் நோட்டு. எந்தத் தேதியில், எந்த மருத்துவமனையில், என்ன மருந்து, எத்தனை நாளுக்கு என்று அச்சடித்த ஒட்டுச்சீட்டை மருந்துக்கடையில் ஒட்டித் தருவார்கள். முன்பக்கத்தில் ஒவ்வாமையும் பழைய நோய்களும் எழுதியிருக்கும். இப்போது தோல் மருத்துவர் நோயாளியைக் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். நோட்டைப் புரட்டினால் போதும். 2000ஆம் ஆண்டில் இந்தப் பதிவுக்கு அரசு காப்பீட்டிலிருந்து கட்டணம் கிடைக்க வழி செய்யப்பட்டதும் நோட்டு நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு கார்ட்டூன் அட்டை போட்ட நோட்டுகள்கூட வந்துவிட்டன.

யாரும் திட்டமிடாத ஒரு பயனும் அதற்குக் கிடைத்தது. 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி சூறையாடியபோது மருத்துவமனைகளின் கோப்புகளும் கணினிகளும் அடித்துச் செல்லப்பட்டன. முகாம்களில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதய நோய் என்று பல மருந்துகளை நம்பியிருந்த முதியவர்கள், தாங்கள் சாப்பிட்ட மாத்திரையை 'வெள்ளை, வட்டமாக இருக்கும்' என்பதற்கு மேல் விவரிக்கத் திணறினார்கள். நோட்டு வைத்திருந்தவர்களுக்குச் சிக்கலில்லை. சீட்டு இல்லாமலே அதைக் காட்டி மருந்து பெற அரசு தற்காலிகமாக அனுமதித்தது.

நோட்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கடைக்கு ஒன்றாக மூன்று நான்கு நோட்டுகள் வைத்திருப்பவர்கள் உண்டு. அப்படியானால் 1993ன் நிலைதான் திரும்பும்: ஒவ்வொரு கடையும் தன் பக்கத்தை மட்டுமே பார்க்கும். அதனால் 2016ல் அரசு விலையில் கை வைத்தது. நோட்டோடு அதே கடைக்குத் திரும்பி வருபவருக்குக் கட்டணம் சற்றுக் குறையும் என்றது. அதே ஆண்டு இன்னொரு புதுமையும் வந்தது. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் சாப்பிடும் நோயாளிக்கு, ஆராய்ந்து பார்த்து இரண்டு மருந்துகளையாவது குறைக்கும் மருத்துவமனைக்குக் காப்பீட்டிலிருந்து 2,500 யென் கட்டணம். மருந்து கொடுத்து வருமானம் பார்த்துவந்த ஜப்பானிய மருத்துவத்தில், மருந்தை எடுத்துவிடுவதற்குக் கூலி என்பது அதுவரை இல்லாத வழக்கம்.