சும்மா ஒரு ரவுண்டு: புறநகர்ப் பெண்களும் ஸ்கூட்டர்களும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி மிகச் சிறியது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க ஓர் இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் ஒரு தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. தடுப்பு எதற்கு என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது: பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக. பெண் என்ற சொல்லோ சேலை என்ற சொல்லோ அதில் இல்லை. ஆனால் மெக்கானிக் கடைகளில் அதற்குப் பெயர் 'சாரி கார்டு'. சட்டம் பெயர் சொல்லாமல் விட்டவள் யார் என்று தெரு தெரிந்துவைத்திருக்கிறது.

அதே 1989இல்தான் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்றானது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமாகியிருந்த பெண்களுக்கு அந்தப் பங்கு இல்லை. ஒரு சட்டம் அவளைச் சொத்தின் உரிமையாளராகப் பார்க்கத் தொடங்கியது. இன்னொரு விதி அவளைப் பின்னிருக்கையில் பறக்கும் முந்தானையாகவே பார்த்தது. உயிர் காக்கும் விதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வண்டியில் பெண்ணுக்கு எந்த இடம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்களோ, அது இந்த விதியில் பதிவாகியிருக்கிறது.

அந்த எண்ணம் பழையது. தமிழ் கற்பிப்பவள் என்பதால் எனக்கு முல்லைத் திணை உடனே நினைவுக்கு வரும். அதன் உரிப்பொருள் இருத்தல். வினைமுடித்த தலைவன் தேரில் திரும்புவான். தலைவி வீட்டில் காத்திருப்பாள். தேரின் வேகம், குதிரையின் ஓட்டம், பாகனின் திறமை எல்லாம் அவன் பக்கத்துச் செய்திகள். கடல்வழிப் பயணம் பெண்ணோடு கிடையாது என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்தது. உடன்போக்கில் பெண் ஊரைவிட்டுப் போகிறாள்தான், ஆனால் அவனோடு போகிறாள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர்களின் வண்டித்தொடர் போகிறது. கையில் குழந்தையை வைத்திருக்கும் ஒரு பெண் அதில் ஒரு வண்டியின் மாடுகளை ஓட்டுகிறாள். தமிழில் நான் அறிந்த முதல் பெண் ஓட்டுநர் அவள்தான். உயர்குடித் தலைவி காத்திருக்க வேண்டும், உழைக்கும் பெண் ஓட்டலாம். வேலைக்காக என்றால் வண்டி ஓட்ட அனுமதி உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்கூட்டர் வந்தபோதும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஸ்கூட்டரின் பிறப்பில் பெண் இருந்தாள். 1916இல் லண்டனில் எடுத்த புகைப்படம் ஒன்றில், வாக்குரிமைப் போராட்டக்காரரான சீமாட்டி ஃபிளாரன்ஸ் நார்மன் 'ஆட்டோபெட்' என்ற மோட்டார் ஸ்கூட்டரில் நின்றபடி போகிறார். வேலைக்குப் போகிறார் என்பது படத்தோடு சொல்லப்படும் செய்தி. 1946இல் இத்தாலியில் வெஸ்பா வந்தது. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், மோட்டார் சைக்கிள்களை விரும்பாதவர். அவருடைய வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டாம். நடுவில் தட்டையான ஒரு தளம், எஞ்சின் மூடிக்குள். பாவாடையோடும் ஏறலாம், சேலையோடும் ஏறலாம்.

ஆனால் அந்த வடிவம் இந்தியாவுக்கு வந்ததும் குடும்ப வண்டியானது. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்கை நினைத்தால் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனத்தில் வரும். அப்பா ஓட்டுகிறார், பிள்ளை முன்னால் நிற்கிறது, அம்மா இன்னொரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார். இடது கைப்பிடியைத் திருகி கியர் மாற்ற வேண்டும். கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி யார் பெயரில் இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாம்பரத்தில் பெண்களின் பயணம் ரயிலில் தொடங்கியது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல தலைமுறைப் பெண்கள் மகளிர் பெட்டியில் ஏறி நகரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போனார்கள். மகளிர் பெட்டியின் கதைகளைத் தனியாகவே எழுதலாம். என் கவனம் ரயிலைவிட்டு இறங்கிய பிறகான தூரத்தில் இருக்கிறது. நிலையத்திலிருந்து சேலையூருக்கு, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, முடிச்சூருக்கு. புறநகர் என்பதே நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு மூன்று மைல்தான். பஸ் எப்போதாவது வரும், உள்தெருவுக்கு வராது. என் அம்மா நகரத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். அலுவலகத்தில் கோப்புகளைத் தனியாகக் கையாண்டவர், தாம்பரம் நிலையத்தில் இறங்கியதும் அப்பாவின் ஸ்கூட்டருக்காக நிற்பார். 1984இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. அந்த 'மெப்ஸ்' வாசலில் ஷிப்ட் முடியும் நேரத்தில் அண்ணன்களும் அப்பாக்களும் கணவன்களும் சைக்கிளோடும் டிவிஎஸ் 50யோடும் நின்றதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சம்பாதிக்கும் பெண்ணும் வீடு திரும்ப ஓர் ஆணின் நேரத்துக்குக் காத்திருந்தாள். முல்லை ஜிஎஸ்டி சாலைக்கு இடம் மாறியிருந்தது.

இயந்திரம் மெல்ல மெல்ல அவள் பக்கம் வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் போகக்கூடிய மொபெட். பால்காரரின் கேனையும் ஆசிரியையின் பையையும் ஒன்றுபோல் சுமந்தது. 1984இல் கைனடிக் ஹோண்டா. கியர் இல்லை, பட்டனைத் தொட்டால் கிளம்பும். 1990இல் பஜாஜ் சன்னி வந்தது. அதன் எஞ்சின் 50 சிசிதான். அந்த அளவைத் தாண்டாத கியரில்லா வண்டியைப் பதினாறு வயதிலேயே ஓட்டச் சட்டம் அனுமதித்தது. 1994இல் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தபோது பெயரே பொதுச்சொல்லானது. இன்றும் எங்கள் பக்கத்தில் பெண் ஓட்டுவது எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் ஸ்கூட்டிதான். உதைக்காமல் கிளம்பும் 'செல்ஃப்' ஒரு சின்ன வசதிபோலத் தெரியும். நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டால் சேலையைச் செருகிக்கொண்டு உதைக்க வேண்டும், நாலு ஆண்கள் உதவிக்கு வருவார்கள், ஆளுக்கொரு அறிவுரை சொல்வார்கள். அந்தச் சங்கடத்திலிருந்து ஒரு பட்டன் எத்தனை பேரை விடுவித்தது என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். 1992 மகளிர் தினத்தில் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனதைப் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், செவிலியர்கள். அங்கே சைக்கிள் ஓர் இயக்கத்தின் வழியாக வந்தது, பெண்கள் கூட்டமாகக் கற்றார்கள். புறநகரில் எங்களுக்கு ஸ்கூட்டர் வீடு வீடாக, தனித்தனியாக, ஒவ்வொரு அப்பாவிடமும் கணவனிடமும் கேட்டுக் கேட்டு வந்தது.

1998இல் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய ஸ்கூட்டி வந்தது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வண்டி? ஊர் சுத்தவா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "காலேஜுக்குப் போக" என்றார் அப்பா. நியாயமான பதில், நல்ல எண்ணத்தில் சொன்னதும்தான். ஆனால் அந்தப் பதிலில் ஓர் எல்லைக்கோடும் இருந்தது. கல்லூரிக்கு உண்டு, ஊர் சுற்ற இல்லை. நம் மொழியைப் பாருங்கள். நாலு ஊர் சுற்றி வந்தவன் அனுபவசாலி. ஊர் சுற்றுகிறவள் என்றால் அது வசை.

இந்த எல்லைக்கோட்டை முதலில் உரசிப் பார்த்தது பெண்ணியம் அல்ல, விளம்பரம். ஹீரோ ஹோண்டா தன் பிளஷர் வண்டியை விற்க, எல்லாக் கொண்டாட்டமும் பையன்களுக்கு மட்டும்தானா என்று கேட்டது. வண்டியின் பெயரே இன்பம். நாம் உரிமை என்று பேசிக்கொண்டிருந்தபோது சந்தை இன்பம் என்று பேசியது. ஆனால் விளம்பரத்தில் சிரித்தவள் ஒல்லியான, சிவந்த, திருமணமாகாத கல்லூரிப் பெண். மெப்ஸ் வாசலில் நின்றவள் அதில் இல்லை.

அவளை அரசு கண்டது. 2018 பிப்ரவரி 24 அன்று அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் சென்னையில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 1 லட்சம் பெண்களுக்கு, வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம். ஓட்டுநர் உரிமம் வேண்டும், வண்டி அவள் பெயரில் இருக்க வேண்டும். டிஎன் 11 என்று எண் கொடுக்கும் எங்கள் தாம்பரம் ஆர்டிஓ பக்கம் நாற்பதை நெருங்கும் பெண்கள் எல்எல்ஆர் தாளோடு நின்றதையும், எட்டு போட்டுக் காட்டிக் கால் ஊன்றாமல் முடித்தவளுக்கு மற்றவர்கள் கைதட்டியதையும் பார்த்தேன். பலருக்கு அவர்கள் பெயரில் வந்த முதல் சொத்து அந்த ஆர்சி புத்தகம். கட்சி அரசியலைத் தள்ளிவைத்துவிட்டு இதைச் சொல்லத்தான் வேண்டும். 2021இல் ஆட்சி மாறிய பிறகு திட்டம் தொடரவில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதுவும் பெரிய மாற்றம். பேருந்தும் ஸ்கூட்டரும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, பேருந்து வராத தெருவில்தான் நம்மில் பாதிப்பேர் குடியிருக்கிறோம்.

ஆனால் 2018 திட்டமும் பணிபுரியும் மகளிருக்கானது. உப்பு வண்டிக்காரியின் அதே கணக்கு. வேலை என்றால் உண்டு. வீட்டிலும் இதே கதைதான். வண்டி கைக்கு வந்ததும் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, தண்ணீர் கேனைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுவருவது எல்லாம் அவள் தலையில் வந்து சேரும். என் மாணவிகளிடம் அவரவர் வீட்டுப் பெண்களின் முதல் வண்டியைப் பற்றிக் கேட்டு எழுதச் சொன்னேன். வேலைகளின் பட்டியல்தான் வந்தது. பிடித்திருந்ததா என்று அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. மறுபடி போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவரச் சொன்னேன். அப்போதுதான் வந்தன: கடைக்குப் போகும்போது வேண்டுமென்றே சுற்றுவழியில் போவது, ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாடுவது, வீட்டில் அழ முடியாததைச் சிக்னலில் கண்ணாடியை இறக்கிவிட்டு அழுவது.

எனக்கும் ஒரு பட்டியல் உண்டு. விடியற்காலையில் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் உயிரியல் பூங்காப் பக்கம் மரங்களிலிருந்து இறங்கும் குளிர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம் நிறுத்திப் பூநாரைகள் வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. முதல் மழையில் நனைந்தே வீடு திரும்புவது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்திய வண்டியின் மேல் உட்கார்ந்திருப்பது. சாலையோரம் தனியாக நிற்கும் பெண்ணை யாருக்காக நிற்கிறாய் என்று எல்லாக் கண்களும் கேட்கும். தன் வண்டியில் உட்கார்ந்து டீ குடிப்பவளை அந்தக் கேள்வி கொஞ்சம் தயங்கித்தான் நெருங்கும். திண்ணை ஆண்களுக்கு இருந்தது. ஸ்கூட்டர் நாம் கூடவே கொண்டுபோகும் திண்ணை. ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' நூல், காரணமில்லாமல் பொதுவெளியில் இருப்பதே பெண்ணின் உரிமை என்று வாதிட்டது. பெட்ரோல் போட்டவளுக்கு அந்த வாதம் சட்டென்று புரிந்துவிடும்.

அம்மா ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் என் பின்னால் உட்கார்ந்து வங்கிக்கு வந்தார். வேலை முடிந்து திரும்பும்போது கேம்ப் ரோட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "எங்கயாவது போயேன்" என்றார். அகரம்தென் வரை போய்த் திரும்பினோம். முப்பது வருடம் வேலைக்குப் போய்வந்தவர் காரணமில்லாமல் போன முதல் பயணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இன்பம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. இருட்டில் பின்தொடரும் பைக்கும், விளக்கில்லாத தெருவும், லாரிகள் உரசிப் போகும் ஜிஎஸ்டி சாலையும் அதைக் குறைக்கின்றன. தலித் ஒருவர் தங்கள் தெரு வழியே வண்டி ஓட்டிப் போவதையே பொறுக்காத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு தலித் பெண் ஸ்கூட்டரில் போவதற்கு என் அதிகாலைச் சுற்றைவிடப் பன்மடங்கு துணிவு வேண்டும். அதனால்தான் இன்பத்தை அற்பம் என்று ஒதுக்க முடியவில்லை. யாருக்கு ஓய்வாகச் சுற்ற முடிகிறது என்று கேட்டாலே அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டு வண்டியின் ஆர்சி புத்தகத்தை எடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தினமும் ஓட்டுபவள் பெயரில் இல்லையென்றால் மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு மாலை சாவியை எடுங்கள். எங்கே என்று கேட்பார்கள். மருந்து வாங்க, காய்கறி வாங்க, பிள்ளையை அழைத்துவர என்று எந்தக் காரணமும் தேட வேண்டாம். "சும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.