சிவப்புக் கனியும் மறக்கப்பட்ட கைகளும்

காய்ந்த திராட்சையைப் போல் பொட்டலங்களில் விற்கும் கிரான்பெரியை நேயர்களில் பலர் சுவைத்திருப்பீர்கள். அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழிக்குத் துணையாக இந்தப் புளிப்புக் கனி இருந்தே தீரவேண்டும். இதை முதலில் பயிராக்கிய பெருமை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடற்கரைக்கு உண்டு.

அங்கே டென்னிஸ் என்ற ஊரில் வாழ்ந்த ஹென்றி ஹால், 1816-இல் ஒன்றைக் கவனித்தார். காற்று மணலை வாரி இறைத்த இடத்தில் காட்டுக் கிரான்பெரிக் கொடிகள் சாகவில்லை, முன்பைவிடச் செழித்தன! மணல் மூடிய தண்டு புதிதாக வேர்விடும். பூச்சித் தொல்லையும் குறையும். குளிர்காலத்தில் வயலில் நீர் உறைந்ததும் பனிக்கட்டியின் மேல் மணலைப் பரப்பும் வழக்கம் பின்னர் வந்தது. பனி உருகினால் மணல் தானாகவே கொடிமேல் இறங்கிவிடும். எவ்வளவு எளிய வழி பாருங்கள்!

ஆனால், பலரும் இந்த வரலாற்றை ஹாலிடமிருந்தே தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளையர் வருவதற்கு முன்பே வாம்பனோக் பழங்குடியினர் இக்கனியைப் பறித்து உணவாகவும் மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். அக்குவின்னாவில் வாழும் வாம்பனோக் மக்கள் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை இன்றும் கிரான்பெரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.

அடுத்து, அறுவடை செய்தவர்கள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அன்று போர்த்துகலின் ஆட்சியில் இருந்த கேப் வெர்டி தீவுகளில் பஞ்சம் வாட்டியது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய அம்மக்கள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இந்த வயல்களில் மண்டியிட்டு, பற்கள் வைத்த மரமுறங்களால் கனிகளை வாரினார்கள். சிறுவர்களும் தப்பவில்லை. லூயிஸ் ஹைன் 1911-இல் எடுத்த புகைப்படங்கள் அதற்குச் சாட்சி. 1933-இல் வேர்ஹாம் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம், கைது நடவடிக்கைகளால் ஒடுக்கப்பட்டது. சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்த 1935-ஆம் ஆண்டுச் சட்டமும் வயல் தொழிலாளர்களை ஒதுக்கிவிட்டது. அப்படியிருந்தும், சிலர் சிறுகச் சிறுகச் சேமித்துத் தாங்களே வயல் வாங்கினார்கள்!

கனிக்குள் காற்றறைகள் இருப்பதால் இப்போது வயலில் நீரைத் தேக்கி, மிதக்கும் கனிகளை வாரிவிடுகிறார்கள். அந்தச் சிவப்புக் குளம் எங்கள் கேமராக்களுக்கு விருந்துதான். மண்டியிட்டவர்கள் அதில் தெரிவதில்லை. 1990-களில் விஸ்கான்சின் மாநிலம் விளைச்சலில் முந்திக்கொண்டது. மாசசூசெட்ஸில் பழைய வயல்கள் சில மீண்டும் சதுப்புநிலமாகின்றன. பிளிமத் நகரில் அப்படி மாறிய டிட்மார்ஷ் வயல், 2017-இல் வனவிலங்குச் சரணாலயமாகத் திறக்கப்பட்டது.