சீலகாந்து: ஒரு மீனின் மறுவரவும் ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல்லும்

அறிவியல் வரலாற்றிலே ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல் பெரும்பாலும் ஐயத்துக்கு இடமின்றியே வழங்கி வந்துள்ளது. இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவதோடு வரலாறு நிறைவுறுவதாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், கண்டவர் யார், அவருக்கு முன்பே கண்டிருந்தவர் யார், எவர் கண்டது அறிவாக ஏற்கப்பட்டது என்னும் வினாக்கள் எழுமிடத்து அச்சொல் அத்துணை எளிமையானதன்று என்பது புலனாகும். இதனை விளக்குதற்கு இருபதாம் நூற்றாண்டின் விலங்கியலாளரைப் பெருவியப்பில் ஆழ்த்திய சீலகாந்து மீனின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சீலகாந்து முதலில் அறிஞருலகுக்கு அறிமுகமானது கல்லிற் பதிந்த உயிர்ச்சுவடாகவே ஆகும். 1839ஆம் ஆண்டிலே லூயி அகாசி என்னும் அறிஞர், வாற்செட்டையின் முட்கள் உள்ளீடற்றிருந்தமை கருதி அதற்கு அப்பெயரை இட்டார். ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளிலிருந்து தொடர்ந்து கிடைத்துவந்த இம்மீனினச் சுவடுகள், ஏறத்தாழ 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தோடு நின்றுவிடுகின்றன. எனவே இராட்சதப் பல்லிகளோடு இம்மீன்களும் அழிந்தொழிந்தன என்பதே அனைவரதும் முடிபாயிருந்தது. தண்டுபோன்ற சதைப்பற்றுள்ள இவற்றின் சோடிச் செட்டைகள், நீர்வாழ் மீன்கள் நிலத்திலே கால் பதித்த கூர்ப்பு வரலாற்றோடு தொடர்புடையன எனக் கருதப்பட்டமையால், பாடநூல்களில் இவற்றுக்குச் சிறப்பிடம் இருந்தது.

1938 டிசெம்பர் 22ஆந் திகதி, தென்னாபிரிக்காவின் ஈஸ்ற் லண்டன் துறைமுகத்தை ‘நெரீன்’ என்னும் இழுவைப்படகு வந்தடைந்தது. அதன் தலைவர் ஹென்றிக் கூசன், வலையில் அகப்படும் புதுமையான உயிர்களை நூதனசாலைக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கமுடையவர். நூதனசாலைப் பொறுப்பாளராயிருந்த மார்ஜரி கோட்னே-லற்றிமர் என்னும் இளம்பெண், மீன்குவியலுள் நீலநிறச் செட்டை ஒன்றைக் கண்டார். சலும்னா ஆற்றின் கழிமுகத்துக்கு அண்மையிற் பிடிபட்ட அம்மீன் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமும் 57 கிலோகிராம் நிறையும் உடையது. அதனை ஏற்றுதற்கு வாடகைக்கார்ச் சாரதி தயங்கினார். பிணவறையும் குளிர்க் களஞ்சியமும் இடந்தர மறுத்தன. நூதனசாலை ஆட்சிக்குழுத் தலைவரோ அது சாதாரணப் பாறைமீனே என்றார். லற்றிமர் மனந்தளரவில்லை; போமலினில் நனைத்த துணியாலும் புதினத்தாளாலும் மீனைச் சுற்றி வைத்துவிட்டு, மறுநாளே அதன் உருவத்தை வரைந்து ஜே. எல். பி. சிமித்துக்குக் கடிதம் எழுதினார். இரசாயனவியல் விரிவுரையாளராயிருந்த சிமித், மீனியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்.

விடுமுறையிலிருந்த சிமித்தின் கையை அக்கடிதம் 1939 சனவரி 3ஆந் திகதியே எட்டியது. அதற்குள் உள்ளுறுப்புகள் அழுகி எறியப்பட்டுவிட்டன. பதனிடப்பட்ட தோலும் சில பாகங்களுமே எஞ்சின. பெப்ரவரியில் நேரிற் கண்டு ஐயந்தெளிந்த சிமித், அம்மீனுக்கு ‘லற்றிமேரியா சலும்னே’ எனப் பெயரிட்டார். நூதனசாலைப் பெண்மணியின் பெயரும் ஆற்றின் பெயரும் அதில் இணைந்தன.

உள்ளுறுப்புகளை ஆராய இரண்டாவது மீன் ஒன்று வேண்டியிருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளில், 100 பவுண் பரிசு அறிவிக்கும் துண்டுப்பிரசுரங்களைச் சிமித் கிழக்காபிரிக்கக் கரையெங்கும் பரப்பினார். பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1952 டிசெம்பரில், கொமோரோத் தீவுகளுள் ஒன்றாகிய அஞ்சுவானில் அகமதி அப்தல்லா என்னும் மீனவரின் தூண்டிலில் ஒரு மீன் அகப்பட்டது. சந்தைக்கு வந்த அதனைப் பிரசுரத்திலுள்ள மீனென இனங்கண்டவர் அஃபானே முகமது என்னும் ஆசிரியர். தீவின் மறுபுறத்தில் நின்ற எரிக் ஹன்ற் என்னும் கப்பற்றலைவரிடம் அது சுமந்துசெல்லப்பட்டது. செய்தியறிந்த சிமித் பிரதமர் மலானிடம் மன்றாடி இராணுவ விமானம் பெற்று, டிசெம்பர் 29ஆந் திகதி மீனைக் கண்டு கண்ணீர் விட்டார்.

இவ்விடத்திலேதான் வரலாற்று மாணவர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். உலகுக்கு அற்புதமாகத் தோன்றிய அம்மீன் கொமோரோ மீனவர்க்குப் புதியதன்று. அவர்கள் அதனைக் ‘கொம்பெசா’ என அழைத்தனர். இரவிலே சிறு வள்ளங்களில் ஆழ்கடலில் நீளத்தூண்டில் இடுகையில் அது எப்போதாவது அகப்படுவதையும், அதன் இறைச்சி விரும்பத்தக்கதன்று என்பதையும் அறிந்திருந்தனர். துவிச்சக்கரவண்டி ரியூப்பை ஒட்டுமுன் உரோஞ்சுதற்கு அதன் சொரசொரப்பான செதில் பயன்பட்டது எனவும் கூறப்படுவதுண்டு. அறிஞர் பதினான்கு ஆண்டுகள் தேடிய விடை, அக்காலம் முழுவதும் மீனவரின் வாய்ச்சொல்லில் இருந்தது.

பெயரிட்ட முறையும் நோக்கற்பாலது. இரண்டாவது மீனில் ஒரு முதுகுச்செட்டை இல்லாதிருந்தமையால் அதனைத் தனியினமெனக் கொண்ட சிமித், விமானம் தந்த பிரதமரின் நினைவாக ‘மலானியா’ என்றார். அது சிதைவுற்ற லற்றிமேரியாவே எனப் பின்னர் தெளிவாகி அப்பெயர் வழக்கொழிந்தது. இனஒதுக்கலை அரசின் கொள்கையாக்கிய ஒருவரின் பெயரைப் பெற்ற மீனுக்கு, அதனைக் கடலிலிருந்து மேலே கொணர்ந்த அப்தல்லாவின் பெயரை இடவேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. இதனைத் தனியொருவரின் குறையாகக் கொள்வது பொருந்தாது. சிமித்தின் உழைப்பும் நேர்மையான ஆர்வமும் மறுக்கவொண்ணாதவை. அறிவு மேலிருந்து கீழ்நோக்கியே பாயும் என்னும் குடியேற்றக்காலக் கருத்தின் வெளிப்பாடே அது. அடுத்த காலப்பகுதியிலும் பிரெஞ்சு ஆட்சியினர் பிறநாட்டாய்வாளரைத் தடுத்து அம்மீனைத் தமது உரிமையாக்கினர்.

பின்வந்த ஆய்வுகள் பாடநூல் முடிபுகள் பலவற்றை மாற்றின. 1975ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஒரு பெண்மீனைப் பிளந்தபோது ஐந்து முளையங்கள் காணப்பட்டன; அது முட்டையிடாது குட்டியீனும் மீன் என்பது உறுதியாயிற்று. 1987இல் ஹான்ஸ் பிரிக்கே குழுவினர் சிறு நீர்மூழ்கியிலிருந்து அதனை உயிரோடு படம்பிடித்தனர். செட்டைகளால் அடித்தளத்தில் நடக்கும் என எதிர்பார்க்கப்பட்ட மீன் நடக்கவில்லை. நான்குகால் விலங்கின் அடிவைப்புப்போலச் செட்டைகளை மாறிமாறி அசைத்து மிதந்தது. 2013இல் வெளியான பரம்பரையலகு ஆய்வு, தரைவாழ் முள்ளந்தண்டு விலங்குகளுக்கு நெருங்கிய உறவு சீலகாந்து அன்று, நுரையீரல் மீனே எனக் காட்டிற்று.

வரலாறு மீண்டும் தன்னையே எடுத்துரைத்தது 1997இலாகும். ஏறத்தாழ 10,000 கிலோமீற்றருக்கு அப்பால், இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுச் சந்தையொன்றில் மார்க் எர்ட்மன் தம்பதியினர் இம்மீனைக் கண்டனர். மறுஆண்டு மீனவர் வலையில் மற்றொன்று கிடைத்தது. 1999இல் அது வேறோர் இனமென வகுக்கப்பட்டது. அங்குள்ள மீனவரோ அதற்கு முன்னரே ‘கடலரசன்’ எனப் பொருள்படும் ‘ராஜா லாவுற்’ என்னும் பெயரை வழங்கிவந்தனர். எர்ட்மன் மீனவரிடையே விசாரித்துத் தேடியமை ஒரு வளர்ச்சியே எனினும், பெயரிடும் உரிமை குறித்த சச்சரவு அறிஞரிடையேதான் மூண்டது.

இவ்வினா வெறும் பழங்கதையன்று. கொமோரோக் கடலிற் பிடிபட்டுப் பாரிசிற் பேணப்பட்ட 27 மீன்களின் செதில்களை ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரை, இருபதாண்டு வாழும் எனக் கருதப்பட்ட இம்மீன் ஏறத்தாழ நூறாண்டு வாழும் எனவும், ஐம்பத்தைந்து வயதையொட்டியே இனப்பெருக்கத் தகுதியடையும் எனவும், அதன் கர்ப்பகாலம் ஐந்தாண்டு எனவும் கூறுகின்றது. அங்ஙனமாயின் ஒரு பெண்மீனின் இழப்பை ஈடுசெய்ய அரைநூற்றாண்டு வேண்டும். கொமோரோ இனம் அழிவின் விளிம்பிலுள்ளதாக ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இம்மீனைக் காப்பதற்குச் சட்டங்கள் மட்டும் போதா. அது எங்கே, எவ்வாழத்தில், எக்காலத்தில் அகப்படும் என்பதை அறிந்தவர்கள் கரையோர மீனவரே. சந்தையிலே கிடந்த மீனை இனங்காண ஓர் ஆசிரியரின் கண் தேவைப்பட்டது. அம்மீனைச் சந்தைக்குக் கொணர ஒரு மீனவரின் கை தேவைப்பட்டது. கண்ணுக்குப் புகழும் கைக்கு மறதியும் என்னும் நிலை மாறி, இருவரும் ஓரறிவின் பங்காளிகளாக ஏற்கப்படும்போதே ‘கண்டுபிடிப்பு’ என்னும் சொல் தன் முழுப்பொருளைப் பெறும்.